இரைப்பைப் புற்றுநோயும் டி செல்லும்: ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்ற பேச்சு எங்கே சறுக்குகிறது

எதிர்ப்பு சக்தி குறைந்தால் கேன்சர் வரும், கூட்டினால் ஓடிவிடும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சத்துமாவு முதல் சொட்டு மருந்து வரை எதையும் விற்றுவிடலாம், விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். மருத்துவமனை விளம்பரப் பலகைகளில் ‘இம்யூனோதெரபி’ என்ற சொல் ஏறியதும் குழப்பம் இன்னும் முற்றியது. அதுவும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற ஊசிதானே, விலைதான் அதிகம், இல்லையா என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள்.

இல்லை. உடம்பில் எதிர்ப்பு சக்தி என்று ஒரே கோலில் அளந்து, கூடியது குறைந்தது என்று சொல்லக்கூடிய பொருள் எதுவும் கிடையாது. புற்றுநோய் விஷயத்தில் கேட்க வேண்டியவை வேறு: டி செல்லின் கண்ணில் அந்தக் கட்டி படுகிறதா? பட்டாலும் அதை வேலை செய்ய விடுகிறார்களா? கட்டிக்குள் நுழையவாவது முடிகிறதா?

இந்தக் கேள்விகளைப் புரிந்துகொள்ள இரைப்பைப் புற்றுநோய் நல்ல பாடம். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். சீனா, ஜப்பான், கொரியா மூன்றிலும் அதிகம் என்பதால் ஆராய்ச்சியிலும் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. இந்தியாவில் மிசோரம் முன்னால் நிற்கிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களுக்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலமாக இருக்கிறது.

## வாசலில் வைக்கும் கூடை

டி செல் என்பது ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தேறி வெளியே வருகிறது. தைமஸால் பெரிதாக ஒரு பயனும் இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சூட்டோடு எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை தொற்றுக்குத் தாக்குப்பிடிக்காமல் செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டன. தன்னது எது, அந்நியம் எது என்று பிரித்துப் பார்க்கும் வேலை எங்கே நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

எப்படிப் பிரிக்கிறது? ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்குள்ளும் நுழைய அனுமதி இல்லை. ஆனால் காலையில் ஒவ்வொரு வீடும் வாசலில் குப்பைக்கூடையை வைக்கிறது. முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தால் நேற்று சாம்பார். செதில் கிடந்தால் மீன். கதவைத் தட்டாமலேயே உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

நம் செல்களும் இதைத்தான் செய்கின்றன. உள்ளே பயன்பட்டு முடிந்த புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அவற்றில் சிலவற்றை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. ஏந்தி நிற்கும் கூடைக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னால் ‘மேட்ச்’ பார்க்கிறார்களே, அதில் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். கூடைக்குள் இருந்து டி செல்லின் கவனத்தைப் பிடிக்கும் துண்டுக்கு ஆன்டிஜென் என்று பெயர். டி செல் வெறும் துண்டைப் பார்ப்பதில்லை, தன் உடம்பின் கூடையோடு சேர்த்துத்தான் பார்க்கிறது என்று கான்பெராவில் கண்டுபிடித்துக் காட்டிய பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஒரு டி செல்லுக்கு ஏறத்தாழ ஒரே ஒரு துண்டின் வடிவம்தான் தெரியும். மீன் செதிலைத் தேடுகிற டி செல் முருங்கைச் சக்கையைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அதனால்தான் கோடிக்கணக்கான வெவ்வேறு டி செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கட்டி காட்டும் துண்டை அடையாளம் தெரிந்த டி செல் ஒன்றும் இல்லையென்றால், மற்றவை எத்தனை கோடி பெருகினாலும் அந்தக் கட்டிக்கு ஒரு கீறல்கூட விழாது.

வேலைப்படி டி செல்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும். சந்தேகப்பட்ட செல்லை நேரடியாகக் கொல்பவை. மற்றவற்றை உசுப்பிவிட்டு உதவுபவை. மூன்றாவது, அடக்குபவை.

சுருக்கமாக: டி செல் செல்லுக்குள்ளே பார்ப்பதில்லை, வெளியே காட்டப்படும் புரதத் துண்டுகளைப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த துண்டு இருந்தால் மட்டும் நிற்கிறது.

## அடக்குபவை எதற்கு?

முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய், சொரியாசிஸ் இவையெல்லாம் எதிர்ப்பு சக்தி குறைந்து வருபவை அல்ல; அது சொந்த உடம்பின் மேலேயே பாய்வதால் வருபவை. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ விற்பவர்கள் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஏற்றிவிட முடிந்தால், நாம் போக வேண்டிய இடம் மூட்டுவாத மருத்துவரின் வரிசைதான்.

அதனால் உடம்பு இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன அடக்கும் டி செல். சண்டை நடக்கும் இடத்துக்குப் போய் மற்ற டி செல்களைத் தணிப்பது இதன் வேலை. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இதை இனம் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 2025இல் மேரி பிரன்கோவ், ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள்.

இன்னொன்று பிடி-1. இது டி செல்லின் மேலேயே பொருத்தப்பட்ட பிரேக். எதிரே இருக்கும் செல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அதைத் தொட்டால், கூடையில் அந்நியத் துண்டைப் பார்த்த பிறகும் டி செல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு பிடி-1ஐக் கண்டுபிடித்தது 1992இல். அது பிரேக் என்று விளங்குவதற்கே மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2018 நோபல் அவருக்கும், வேறொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் கிடைத்தது.

## இரைப்பையில் நடப்பது

இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பகுதிக்கு ஆரம்பப் புள்ளி ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இனம் கண்டார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்தது. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றி, சிகிச்சை செய்யாவிட்டால் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் வரைதான் புற்றுநோய்க்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது இதுதான்: கிருமி இருக்கும் இரைப்பையில் எதிர்ப்பு செல்கள் குறைவாக இல்லை, குவிந்து கிடக்கின்றன. நாள்பட்ட இரைப்பை அழற்சி என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் எழுதுவது அந்தக் குவியலைத்தான். கிருமி சாகவில்லை, செல்களும் கலையவில்லை. இருபது முப்பது வருடம் இது நீடிக்கும்போது இரைப்பையின் உட்சவ்வு தேய்ந்து மெலிகிறது. சில இடங்களில் குடலின் சவ்வைப்போல உருமாறுகிறது. அங்கிருந்து சிலருக்குப் புற்றாகிறது. பலன் இல்லாத எதிர்ப்பு நீண்டுகொண்டே போனது ஒரு காரணமாகி வந்த புற்றுநோய் இது. இதற்கு மேல் ‘எதிர்ப்பைக் கூட்டு’ என்றால் எதைக் கூட்டுவது?

கிருமி ஏன் சாகவில்லை என்றால், அது பிரேக்கைக் கையாளத் தெரிந்த கிருமி. தன் நச்சுப் புரதம் ஒன்றால் டி செல் பெருகுவதைத் தடுக்கிறது. அடக்கும் டி செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. இரைப்பை உட்சவ்வின் செல்கள் பிடி-எல்1ஐ நீட்டும்படியும் செய்கிறது. புற்று பின்னாளில் பயன்படுத்தும் அதே தந்திரங்கள் புற்று வருவதற்கு முன்பே அந்த இடத்தில் பழக்கமாகிவிட்டன.

ஜப்பான் 2013இலேயே, புண் இல்லாமல் வெறும் அழற்சி இருந்தாலும் இந்தக் கிருமியை ஒழிக்கும் மருந்துக்குத் தேசியக் காப்பீட்டில் பணம் கொடுக்க ஆரம்பித்தது. வந்த புற்றை டி செல்லை வைத்துத் துரத்துவதைவிட இது மலிவு என்பதில் சந்தேகம் இல்லை.

## பிரேக்கை விடுவிக்கும் மருந்து

பிடி-1க்கும் பிடி-எல்1க்கும் நடுவே புகுந்து தொடவிடாமல் செய்யும் மருந்துகளுக்குச் செக்பாயின்ட் மருந்துகள் என்று பெயர். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் அதிகம் காதில் விழும் பெயர்கள். இவை டி செல்லைப் பெருக்கும் மருந்துகள் அல்ல. ஏற்கெனவே கட்டியை அடையாளம் கண்டு, கை கட்டப்பட்டு நிற்கும் டி செல்லை அவிழ்த்துவிடுகின்றன. அப்படி ஒன்று நிற்கவே இல்லையென்றால் மருந்துக்கு வேலை இல்லை.

இரைப்பையில் இதை முதலில் பெரிய அளவில் காட்டியது 2017இல் வெளியான ஒரு ஆய்வு. ஜப்பான், கொரியா, தைவானில் 493 நோயாளிகள்; எல்லோருக்கும் குறைந்தது இரண்டு விதக் கீமோ கொடுத்துப் பலன் தீர்ந்துபோன நிலை. நிவோலுமாப் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 5.26 மாதம், வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 4.14 மாதம். இடைநிலை அளவு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று பொருள். ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், இதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றும். அடுத்த எண்ணையும் பாருங்கள்: ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஒரு பக்கம் 26.2 சதவீதம், மறுபக்கம் 10.9. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பலன் தருகிற மருந்து அல்ல இது. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு நன்றாகக் கேட்கும்.

பிறகு இதைக் கீமோவோடு சேர்த்து முதல் சிகிச்சையாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் 1,581 பேர். பிடி-எல்1 ஓரளவு மிகுந்த கட்டிகளில் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 14.4 ஆனது. இப்போது உலகின் பல நாடுகளில் நடைமுறை இதுதான்.

பக்கவிளைவும் பிரேக்கை விடுவிப்பதன் விளைவே. அவிழ்ந்த டி செல் கட்டியோடு நிற்காமல் தைராய்டு, பெருங்குடல், நுரையீரல், கல்லீரல் என்று பாயலாம். கீமோவைப்போல முடி கொட்டாது என்பதால் ‘சைடு எஃபெக்ட் இல்லாத மருந்து’ என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. ஊசி போட்டு மாதங்கள் கழித்துப் பேதியோ மூச்சிரைப்போ வந்தால் சாதாரணம் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடக்கும் டி செல்லின் மேலும் பிடி-1 இருக்கிறது. சிலருடைய கட்டியில் மருந்து அந்த அடக்கும் செல்லையும் அவிழ்த்துவிட, நோய் முன்னைவிட வேகமாகப் பரவுகிறது. முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்வதாக 2019இல் ஜப்பானியக் குழு ஒன்று எழுதியது. அடக்கும் டி செல்லை மட்டும் குறிவைத்து விலக்குவது எப்படி என்பது இன்றைய ஆராய்ச்சியின் ஒரு தனிக் கிளை.

## ஒரே பெயர், நான்கு நோய்

2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 295 இரைப்பைக் கட்டிகளை அலசி, நான்கு வகை என்று பிரித்தது. யாருக்கு மருந்து கேட்கும், யாருக்குக் கேட்காது என்ற புதிர் அதற்குப் பிறகுதான் அவிழ ஆரம்பித்தது.

முதல் வகை எம்.எஸ்.ஐ. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு இந்தக் கட்டிகளில் பழுதாகியிருக்கும். பிழைகள் ஆயிரக்கணக்கில் சேரும். அத்தனை பிழைக்கும் விசித்திரமான புரதத் துண்டுகள் கூடையில் வந்து விழும். டி செல்லுக்கு இதைவிடப் பளிச்சென்ற அடையாளம் கிடைக்காது. அந்த ஆய்வில் ஐந்தில் ஒன்று இவ்வகை. உடம்பெங்கும் பரவிய கட்டத்தில் விகிதம் இன்னும் குறைவு.

இரண்டாவது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள கட்டிகள், சுமார் 9 சதவீதம். கூடையில் வைரஸின் துண்டுகளே கிடக்கும். கட்டியும் பதிலுக்குப் பிடி-எல்1ஐ ஏராளமாக நீட்டிக்கொண்டிருக்கும். 2018இல் கொரியாவில் 61 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தபோது இந்த வகையினர் ஆறு பேருக்கும் கட்டி சுருங்கியது. எம்.எஸ்.ஐ. வகையில் ஏழு பேரில் ஆறு பேருக்குச் சுருங்கியது. ஆறு பேரை வைத்து நூற்றுக்கு நூறு என்று கொண்டாடுவது அவசரம். பிறகு வந்த ஆய்வுகளில் வைரஸ் வகையின் அந்த நூறு நிலைக்கவில்லை.

மற்ற இரண்டு வகைகளும் சேர்ந்தால் பத்தில் ஏழு பங்கு. அவற்றில் பெரியது, குரோமோசோம்கள் துண்டாகி இடம் மாறி, எண்ணிக்கை தாறுமாறாகும் வகை. இதில் பலன் கலவையாக இருக்கிறது. நான்காவதில் மரபணுப் பிழைகள் குறைவு. இளம் வயதினரையும் தாக்கும் பரவல் வகை பெரும்பாலும் இதில் வரும். கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவர் முழுக்க ஊறிப் பரவி, நார்த்திசுவால் இறுகிவிடும். கூடையில் புதிதாக ஒன்றும் இல்லை. நார்த்திசுவைத் தாண்டி டி செல் உள்ளே வருவதும் கடினம். செக்பாயின்ட் மருந்து அதிகம் கைவிடுவது இவர்களைத்தான்.

இதுவரை: பிரேக்கை விடுவிப்பது, கட்டியை ஏற்கெனவே பார்த்துவிட்ட டி செல் இருந்தால்தான் பலிக்கும். அது இருக்குமா என்பதைக் கட்டியின் வகை பெருமளவு தீர்மானிக்கிறது.

## ரிப்போர்ட்டில் வரும் சி.பி.எஸ்.

பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசியில், ஐ.எச்.சி. (திசுவுக்குச் சாயம் ஏற்றிப் புரதங்களைத் தேடும் சோதனை) என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி இருக்கும்: ‘பிடி-எல்1, சி.பி.எஸ். - 5’. இந்த 5 எங்கிருந்து வருகிறது? என்டோஸ்கோபியில் கிள்ளியெடுத்த, அரிசிமணி அளவுகூட இல்லாத துணுக்குகளை மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றுகிறார்கள். பிடி-எல்1 இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். நோய்க்குறியியல் மருத்துவர் பழுப்பான புற்று செல்களையும், அருகே இருக்கும் பழுப்பான எதிர்ப்பு செல்களையும் சேர்த்து எண்ணி, மொத்தப் புற்று செல்களால் வகுத்து, நூறால் பெருக்குகிறார். குறைந்தது நூறு புற்று செல்லாவது துணுக்கில் இருந்தால்தான் கணக்கே செல்லும்.

ஒரே கட்டியில் ஒரு பக்கம் எடுத்த துணுக்கு 1 காட்டும், இன்னொரு பக்கம் எடுத்தது 10 காட்டும். இரண்டு மருத்துவர்கள் எண்ணினால் இரண்டு விடை வரலாம். சர்க்கரை அளவைப்போல இந்த எண்ணை நம்புவது சரியில்லை, ஆனால் இதைத் தள்ளவும் முடியாது. 2024 செப்டம்பரில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, பிடி-எல்1 அளவு 1க்கும் கீழே இருக்கும் இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு இம்மருந்துகள் கொடுப்பதில் லாபத்தைவிட ஆபத்தே தெரிகிறது என்ற பக்கம் பெரும்பான்மையாக வாக்களித்தது. ஒரு சுற்று மருந்துக்கே லட்சக்கணக்கில் செலவழிக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த எண்ணின் கனம் இன்னும் அதிகம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோயில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாபை மாத்திரைகளோடு கொடுத்தே நல்ல பலன் காட்டியது. இரைப்பைக்கு அது அப்படியே பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## கூடையே வேண்டாம் என்றால்?

சில கட்டிகள் எச்.எல்.ஏ. கூடையை வெளியே வைப்பதையே நிறுத்திவிடும். அப்போது டி செல்லுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. கார்-டி செல் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, கூடையை விட்டுவிட்டு வீட்டின் கதவையே பார்க்கும்படி ஆய்வகத்தில் புதிய உணர்வியைப் பொருத்தி, பெருக்கி, திரும்ப ஏற்றுகிறார்கள். ரத்தப் புற்றுநோய்களில் இது ஏற்கெனவே நடைமுறை, ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஒன்றுக்கு 2023 அக்டோபரில் இந்தியாவிலேயே அனுமதி கிடைத்தது.

இரைப்பையில் எந்தக் கதவைக் காட்டுவது? கிளாடின் 18.2 என்ற புரதம் பொருத்தமாக அமைந்தது. இது இரைப்பைச் சவ்வின் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதம். நல்ல நிலையில் இடுக்குக்குள் மறைந்திருக்கும். புற்றாகி ஒழுங்கு குலைந்ததும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். இதைக் குறிவைத்த கார்-டி செல்லைச் சீனாவில் 156 பேரிடம், மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் 1.77 மாதத்திலிருந்து 3.25 மாதமானது. கட்டியாக வளரும் புற்றுநோய்களில் கார்-டி செல்லைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட முதல் ஆய்வு என்பது இதன் பெருமை. எண்களைப் பார்த்தால் வெற்றி சின்னதுதான். மறைந்திருந்தாலும் நல்ல இரைப்பையிலும் அதே கதவு இருக்கிறது. அதனால் வாந்தியும் உட்சவ்வுப் புண்ணும் இந்த வகை மருந்துகளோடு கூடவே வருகின்றன.

## அறுவைக்கு முன்னால்

இப்போது ஆராய்ச்சி நகரும் திசை, மருந்தை முன்னால் கொண்டுவருவது. கட்டி உடம்பில் இருக்கும்போதே பிரேக்கை விடுவித்தால் டி செல்களுக்குப் பார்த்துப் பழக நிறைய துண்டுகள் கிடைக்கும். வெட்டியெடுத்த பிறகு அந்த வாய்ப்பு போய்விடும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். 948 பேர் கலந்துகொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றில், அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோவோடு துர்வாலுமாப் என்ற செக்பாயின்ட் மருந்தைச் சேர்த்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 67.4 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 58.5. இது 2025இல் வெளிவந்தது.

எம்.எஸ்.ஐ. வகைக்குக் கிடைத்த விடை இன்னும் பெரிது. பிரான்சில் 32 பேருக்குக் கீமோவே இல்லாமல் இரண்டு செக்பாயின்ட் மருந்துகளை மட்டும் கொடுத்தார்கள். அறுவை செய்துகொண்ட 29 பேரில் 17 பேரின் இரைப்பையில் நுண்ணோக்கியில் தேடியும் உயிருள்ள புற்று செல் அகப்படவில்லை. அப்படியானால் இவர்களுக்கு இரைப்பையை எடுக்கவே வேண்டுமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. இரைப்பை இல்லாமல் சாப்பிட்டுப் பழகுவது என்னவென்று வீட்டில் ஒருவருக்கு நேர்ந்தால் தெரியும்.

கீமோ தொடங்குவதற்கு முன்பே எம்.எஸ்.ஐ. பார்த்திருந்தால்தான் இந்த வழி ஒருவருக்குத் திறக்கும். அதற்கு இன்னொரு என்டோஸ்கோபி தேவைப்படுவதில்லை. முதல் பயாப்ஸித் துணுக்கை மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்று மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். துணுக்கு போதுமானதாக இருந்தால், எம்.எஸ்.ஐ., பிடி-எல்1, ஹெர்2 (வேறொரு வகை மருந்து குறிவைக்கும் புரதம்), கிளாடின் 18.2 எல்லாவற்றையும் அதிலிருந்தே பார்க்கலாம். வேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது.